வலது காலையும் காட்டுங்கள்: பைக் ஸ்டண்ட் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பைக் ஸ்டண்ட் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தடுப்புக் கட்டிய மைதானத்துக்குள் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வட்டமடிப்பதை நேரிலும் பார்த்திருக்கிறேன், வீடியோவிலும் பார்க்கிறேன். பள்ளிக்கூடப் பையன்கள்வரை அதைப் பார்க்கிறார்கள். உங்கள் வீடியோக்களில் ஹெல்மெட் தெரிகிறது, ஆக்ஸிலேட்டர் முறுக்கும் கை தெரிகிறது, காற்றில் சுற்றும் முன்சக்கரம் ஸ்லோ மோஷனில் தெரிகிறது. வலது கால் மட்டும் தெரிவதே இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் இந்த வீலிங்கைப் பிடித்து நிறுத்துவது பின் பிரேக் மேல் இருக்கும் அந்தக் கால்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பார்க்கிற பையனுக்குத் தெரியாது. அவன் கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டு ரோட்டுக்குப் போகிறான். அந்தக் காலை இனிமேல் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் மதுரையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். வீலிங் அடித்துக் கீழே போட்ட வண்டி வரும்போது யாரும் நடந்ததைச் சொல்வதில்லை. "நாய் குறுக்கே வந்துடுச்சுண்ணே" என்பார்கள், "மணல்ல வழுக்கிடுச்சு" என்பார்கள். ஆனால் வண்டி சொல்லிவிடும். நாய் குறுக்கே வந்து விழுந்த வண்டிக்கு ஹெட்லைட், இண்டிகேட்டர், பக்கவாட்டில் ஃபுட்ரெஸ்ட், லீவர் முனை என்று அடிபட்டிருக்கும். மல்லாக்கப் போன வண்டிக்கு நம்பர் பிளேட் மடங்கி, டெயில் லைட் நொறுங்கி, பின்சீட் கைப்பிடி தேய்ந்து, சைலன்சர் முனை நசுங்கியிருக்கும். பார்த்த உடனே தெரியும்.

அப்புறம் நான் தவறாமல் பார்க்கும் இடம் பின் பிரேக் பெடல். அநேகமாக அது தொளதொளவென்றுதான் இருக்கும். டிரம் பிரேக்காக இருந்தால் லைனர் தேய்ந்து, ராடு நட்டைக் கடைசிவரை முறுக்கி வைத்திருப்பார்கள். டிஸ்க்காக இருந்தால் பிரேக் ஆயில் கறுத்துப் போயிருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கத் துணிந்தவன், அதைக் கீழே இறக்க உதவும் ஒரே பாகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. திமிர் என்று இதைச் சொல்லிவிட முடியாது. அது எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

தூக்கிய வண்டி ஏன் நிற்க மறுக்கிறது என்பதை நீங்கள் விழுந்து எழுந்து உடம்பால் கற்றவர்கள். நான் கொஞ்சம் கணக்கோடு எழுதுகிறேன். பல்சர் 220-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1350 மில்லிமீட்டர். ஆள் ஏறி உட்கார்ந்ததும் மொத்த எடையின் மையம் ஏறத்தாழ நடுவில் வந்துவிடும். தரையிலிருந்து அதன் உயரமும் சுமார் இரண்டேகால் அடி. அதாவது பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பார்த்தால், அந்த மையம் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு உயரத்திலும் இருக்கிறது. இப்படி அமைந்த வண்டியின் முன்சக்கரம் கிளம்ப வேண்டுமானால், புவியீர்ப்புக்கு நிகரான முடுக்கம் வேண்டும். சுமார் 1 ஜி.

நம் பையன்கள் ஓட்டும் 150, 200 சிசி வண்டிகளின் என்ஜின் தனியாக அந்த அளவு உந்தாது. அதனால்தான் கிளட்ச்சைப் பிடித்து, ஆர்பிஎம்மை ஏற்றி, சட்டென்று விட்டு, கூடவே ஹேண்டில்பாரையும் இழுக்கிறார்கள். வண்டி குதித்து எழும்புகிறது. இதுவரை வீடியோவில் இருக்கிறது. பையனும் நன்றாகவே கற்றிருக்கிறான்.

அடுத்த அரை நொடியில் கணக்கு மாறிவிடுகிறது. முன்சக்கரம் மேலே போகப் போக எடையின் மையம் பின்டயருக்கு மேலாக நகர்ந்து வருகிறது; உயரமும் கூடுகிறது. வண்டி 15 டிகிரி தூக்கிய நிலையில், அதை அப்படியே வைத்திருக்க 0.6 ஜி-கூடத் தேவையில்லை. 30 டிகிரியில் கால் ஜி-க்குச் சற்று மேலே இருந்தால் போதும். 45 டிகிரிக்குப் பக்கத்தில் எடை நேராகப் பின்டயருக்கு மேல் வந்து நிற்கிறது. அங்கே முடுக்கமே தேவையில்லை. நீங்கள் பேலன்ஸ் பாயிண்ட் என்று சொல்லும் இடம் அதுதான். வண்டிக்கு வண்டி, ஆளுக்கு ஆள் சில டிகிரி கூடும் குறையும். ஆனால் போக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றே: தூக்கக் கொடுத்த முறுக்கை அப்படியே கையில் வைத்திருந்தால் அது வண்டியை மல்லாத்தும்.

உள்ளங்கையில் துடைப்பக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாய ஆரம்பித்த கட்டை தானாகத் திரும்பி வராது. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வேகமாகச் சாயும். கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். வீலிங்கில் அந்தத் திருத்தம் இரண்டு பக்கமும் வேண்டும். முன்னால் இறங்குகிறது என்றால் ஆக்ஸிலேட்டர். பின்னால் போகிறது என்றால் பின் பிரேக். பையனிடம் இருப்பது முதலாவது மட்டும்தான்.

பேலன்ஸ் பாயிண்டைத் தாண்டியதும் அவன் உடம்பு என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சீட்டில் பின்னால் சறுக்குகிறான். எடை முழுக்க ஹேண்டில்பாரில் தொங்குகிறது. தொங்கும்போது வலது மணிக்கட்டு கீழே இறங்கி ஆக்ஸிலேட்டர் இன்னும் கொஞ்சம் திறக்கிறது. பயத்தில் முன் பிரேக்கைப் பிடிப்பான். அந்தச் சக்கரம் காற்றில் இருக்கிறது, பிடித்து என்ன பயன்? அல்லது கிளட்ச்சைப் பிடிப்பான். பேலன்ஸ் பாயிண்டுக்கு முன்னால் என்றால் கிளட்ச் உதவும், முன்பக்கம் தடாலென்று விழும். தாண்டிவிட்ட பிறகு கிளட்ச்சைப் பிடித்தால், ஆக்ஸிலேட்டரை மூடினால் கொஞ்சமாவது கிடைத்திருக்கும் என்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும். பிறகு அந்த வண்டியைத் தடுக்கக் கையில் எதுவும் இல்லை.

பின் பிரேக் மட்டுமே அந்த இடத்தில் வேலை செய்யும். பின்டயர் தரையில் பிடிபட்டு வேகம் குறைகிறது. மேலே இருக்கும் எடை முன்னால் போகப் பார்க்கிறது. அந்த வேறுபாடு மூக்கைக் கீழே தள்ளுகிறது. பலமாக மிதிக்கத் தேவையில்லை. கட்டை விரலால் தொட்டால்கூட முன்பக்கம் இறங்க ஆரம்பிக்கும். நீங்களே பழக்கத்தில் அதற்கும் மேலே போய்விடுகிறீர்கள். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்தபடியே வைத்து, பிரேக்கை மெல்ல இழுபடவிட்டு, உயரத்தை முழுக்கக் காலாலேயே கூட்டிக் குறைக்கிறீர்கள். ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மூடித் திறந்தால் செயின் தொய்வு ஒவ்வொரு முறையும் உதறும், வண்டி தலையாட்டும். பிரேக் அப்படி உதறாது. உங்கள் வண்டி காற்றில் நிறுத்திவைத்த மாதிரி நிதானமாகப் போவதற்குக் காரணம் இது. பார்ப்பவர்களோ கையின் திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காலைக் காட்டுங்கள் என்று சொல்லும்போது, அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் ஆட்கள் பாதத்தின் நடுப்பள்ளத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, விரல்களை வெளியே தொங்கவிட்டு ஓட்டுகிறவர்கள். வண்டி நிமிர்ந்து ஆள் பின்னால் சறுக்கும்போது அந்தக் கால் பெடலை விட்டுப் போய்விடும். தேடிப் பிடிப்பதற்குள் முடிந்துவிடும். பெடல் உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பெரும்பாலான வண்டிகளில் ஒரு நட்டு இருக்கிறது. காலைத் தூக்காமல் கணுக்காலை மட்டும் மடக்கினால் பெடல் அகப்பட வேண்டும். இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் வண்டியில் செய்து வைத்திருக்கிறீர்கள். அதை ஒரு நிமிட வீடியோவாகப் போட்டால் எத்தனை பேருக்கு உபயோகம்!

முன்னும் பின்னும் சமாளிப்பது ஒரு பாதி. பக்கவாட்டில் நிற்பது இன்னொரு பாதி. சாதாரணமாகப் போகும் பைக் விழாமல் இருப்பதே முன்சக்கரம் திரும்புவதால்தான். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் இடது பக்கம் திரும்பி வண்டியை எடைக்கு அடியில் கொண்டு வந்துவிடும். நாம் கவனிக்காமலே இது நடந்துகொண்டிருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கியதும் அந்த வசதி போய்விடுகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் கொஞ்ச நேரம் உதவும். வேகம் குறையக் குறைய அந்த உதவியும் தேயும். பிறகு முழங்காலும் ஃபுட்ரெஸ்ட்டும்தான். டேங்க்கை இரண்டு முழங்காலாலும் இறுக்கி, எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் எடையைப் போட்டு, இடுப்பைக் கொஞ்சம் நகர்த்திச் சமாளிக்கிறீர்கள்.

புதிதாகச் செய்பவன் கையால் சமாளிக்கப் பார்க்கிறான். அதிலும் வலது கை ஆக்ஸிலேட்டரில் இருப்பதால் இரண்டு கையும் ஒரே மாதிரி இழுக்காது. எழும்பும்போதே வண்டி ஒரு பக்கம் கோணுகிறது. கோணிய வண்டியைத் திருத்த ஹேண்டிலைத் திருப்புகிறான். திருப்பிய நிலையிலேயே முன்சக்கரம் தரையில் இறங்குகிறது. என் அனுபவத்தில் மல்லாக்க விழுந்து வரும் வண்டிகளைவிட இப்படி இறங்கும்போது விழுந்து வரும் வண்டிகள்தான் அதிகம். கோணலாக இறங்கிய சக்கரம் தரையில் பட்டதும் நேராகத் திரும்பப் பார்க்கும், தாண்டிப்போய் மறுபக்கம் திரும்பும், திரும்ப இந்தப் பக்கம் வரும். ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்கும். கைகளை விறைப்பாக வைத்திருப்பவன் அந்த ஆட்டத்தை இன்னும் பெரிதாக்குவான். இறங்கும்போது முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும், முழங்கை தளர்ந்திருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று மூடாமல் கொஞ்சம் கொடுத்தபடியே மெல்ல இறக்க வேண்டும், முன் பிரேக்கில் விரல் அழுத்தியிருக்கக் கூடாது. இந்த நான்கையும் நீங்கள் எந்த வீடியோவிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

தடாலென்று இறக்கிய வண்டி அன்றைக்கு விழாமல் போகலாம். ஆனால் உள்ளே சேதமாகியிருக்கும். ஹேண்டில் திரும்புவதற்கு உள்ள பேரிங்கான கோன் செட்டில், பால்ஸ் உட்காரும் இடத்தில் குழி விழும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு இடத்தில் 'டக்'கென்று பிடிக்கும். அந்த வண்டி அறுபதில் போகும்போது நேராகப் போகாமல் அலைபாயும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் கிழிந்து ஆயில் கசியும். கசிந்த ஆயில் டிஸ்க்கில் பட்டால் முன் பிரேக் பிடிக்காது. ராத்திரி பைபாஸில் மகன் வீலிங் அடித்த அதே வண்டியில்தான் காலையில் அப்பா வேலைக்குப் போகிறார். மாதத் தவணையில் வாங்கிய வண்டி, வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். அவருக்கு எதுவும் தெரியாது. கோன் செட் போன வண்டியை அப்பாக்கள் தள்ளிக்கொண்டு வந்து, "என்னன்னு தெரியல தம்பி, கொஞ்ச நாளா ஆட்டமா இருக்கு" என்று சொல்லும்போது நான் என்ன பதில் சொல்வது?

உங்கள் வண்டியும் அந்தப் பையனின் வண்டியும் ஒன்று கிடையாது என்பதையும் நீங்கள் சொல்வதில்லை. உங்கள் வண்டியின் பின்னால் ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது. பேலன்ஸ் பாயிண்டைத் தாண்டினாலும் அது தரையில் உரசி வண்டியைத் தாங்கிவிடும். வீடியோவில் அது நிழலில் போய்விடுகிறது, அல்லது ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகிறது. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை 60 பல் அளவுக்குப் பெரிதாகப் போட்டிருப்பீர்கள். கிளட்ச்சை உதறாமலே குறைந்த வேகத்தில் முன்பக்கம் எழும்பும், அதனால் விழுந்தாலும் நடக்கிற வேகத்தில் விழுவீர்கள். பின்டயரில் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கியிருப்பீர்கள். டயர் அகலமாகத் தரையில் படும், பக்கவாட்டில் நிதானம் கிடைக்கும். இடது ஹேண்டிலில் பின் பிரேக்குக்குத் தனி லீவர் மாட்டியிருப்பவர்களும் உண்டு. ஆக்ஸிலேட்டரை முறுக்காதபோது என்ஜின் ஓடும் வேகத்தை, அதாவது ஐடிலை, கூட்டி வைத்திருப்பீர்கள். முன்சக்கரம் தூக்கியபடியே ரொம்ப நேரம் ஓடினால் என்ஜின் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி பம்ப்புக்குக் கிடைக்காது. அதற்கும் ஏற்பாடு செய்திருப்பீர்கள்.

கம்பெனி வண்டியில் இது எதுவும் இல்லை. சொல்லப்போனால் சில வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். 2019 ஏப்ரலில் 125 சிசி வரையான வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் அல்லது இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் கட்டாயமானது. விலை குறைவு என்பதால் பெரும்பாலும் சிபிஎஸ்தான் வந்தது. அதில் பின் பிரேக் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். ரோட்டில் ஒழுங்காக ஓட்டுபவருக்கு அது நல்ல பாதுகாப்பு. முன்சக்கரத்தைக் காற்றில் வைத்துக்கொண்டு மிதித்தால், அந்தச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். காலை எடுக்காமல் அப்படியே இறக்கினால், பூட்டிய சக்கரம் தரையில் படும். பின் பிரேக்தான் காப்பாற்றும் என்று மேலே எழுதினேன். சிபிஎஸ் வண்டியில் அந்தக் காப்பும் அரைகுறை. இந்த வண்டிகளில் வீலிங்கே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால், வயசானவர் அப்படித்தான் பேசுவார் என்று போய்விடுவார்கள்.

உலகத்தில் வீலிங்கைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களை எடுத்துப் பாருங்கள். 1984-இல் அமெரிக்காவின் டல்லடேகா பந்தயத் தடத்தில் டக் டொமோகோஸ் 145 மைல் தூரம் பின்சக்கரத்திலேயே போனார். பெட்ரோல் தீர்ந்ததால்தான் இறக்கினார். 1991-இல் ஜப்பானின் சுகுபாவில் யசுயுகி குடோ 331 கிலோமீட்டர் போனார். அது வாகனச் சோதனைக்கென்றே கட்டிய மூடிய தடம். 1999-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பாட்ரிக் ஃபர்ஸ்டன்ஹாஃப் 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வீலிங் செய்தது, இங்கிலாந்தில் பழைய விமானத் தளமாக இருந்து சோதனைத் தடமாக மாறிய ப்ரண்டிங்தார்ப்பில். ஒருவர்கூட எதிரே டவுன் பஸ் வரும் சாலையில் அதைச் செய்யவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். குடோ ஓட்டியது ஹோண்டாவின் ட்ரையல்ஸ் வண்டி. பாறை மேலும் மரக்கட்டை மேலும் கால் ஊன்றாமல் மெதுவாக ஏற்றி இறக்கும் போட்டிக்கானது. ஸ்டண்ட் உலகத்தில் நான்கு முறை உலகப் பட்டம் வாங்கிய ஜெர்மானியர் கிறிஸ் ஃபைஃபரும் ட்ரையல்ஸில் இருந்து வந்தவர். 2022-இல் காலமானார். அவருடைய வீலிங்கில் எனக்குப் பிடித்தது அதன் மெதுவான போக்கு. நடந்து போகிறவர் கூடவே வரலாம் போல இருக்கும். கிளட்ச்சும் பின் பிரேக்கும் விரல் நுனிக்கும் கால் நுனிக்கும் பழகிய ஆள்தான் அவ்வளவு மெதுவாகப் போக முடியும். நம் பையன்கள் வேகம்தான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து, எண்பதில் தூக்கப் பார்க்கிறார்கள்.

பந்தய உலகத்தில் இன்னும் வேறு கதை. அங்கே முன்சக்கரம் தூக்குவது நேர விரயம். தூக்காமல் இருக்கத்தான் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். உலக பைக் பந்தயமான மோட்டோஜிபியில் ஓடும் வண்டிகளின் மூக்கில் இறக்கை முளைத்ததற்கு அதுவும் முக்கியக் காரணம். 2015-இல் வந்த யமஹா ஆர்1, வண்டி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஆறு அச்சில் அளந்து, முன்சக்கரம் எழும்பினால் என்ஜின் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கணினியே ஒரு நொடிக்குள் பல தடவை திருத்த வேண்டிய வேலை இது. வெறும் தைரியத்தால் ஆகிற காரியம் இல்லை.

சாலையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். லட்சக்கணக்கானவர்கள் பின்தொடரும் ஒரு யூடியூபர் வீலிங் செய்யப்போய்த் தூக்கி வீசப்பட்டுக் கை முறிந்தார், கைதானார், ஓட்டுநர் உரிமத்தைப் பத்து ஆண்டுகளுக்கு இழந்தார். நல்ல வண்டி, தலை முதல் கால்வரை ரைடிங் கியர், அனுபவம் எல்லாம் இருந்தும் அந்த முடிவு. நம் பையன்கள் ரப்பர் செருப்போடு போகிறார்கள். பதினெட்டு வயது ஆகாதவன் வண்டியோடு பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. இதையும் நீங்கள் சொன்னால்தான் காதில் ஏறும். அந்தச் சாலையில் நடந்து போகிற, சைக்கிளில் போகிற, டீ குடிக்க ஓரமாக நிற்கிற ஆள் எந்தப் பந்தயத்துக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குச் சட்டத்தைவிட அதுதான் பெரிய காரணம்.

உங்களில் சிலரும் ஷோ இல்லாத நாட்களில் ஆளில்லாத சாலையில் வீடியோ எடுக்கிறீர்கள். பின்னணியில் கிலோமீட்டர் கல்லும் வெள்ளைக்கோடும் தெரிகின்றன. மைதானத்தில் எடுத்த பத்து வீடியோ சொல்லாததை அந்த ஒரு வீடியோ பையனுக்குச் சொல்லிவிடும்: ரோட்டில் செய்யலாம் என்று. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இடம் இல்லையே அண்ணே என்பீர்கள். நியாயம்தான். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இரண்டும் பந்தயத்துக்கானவை, தென்மாவட்டப் பையனுக்கு எட்டாத தூரம். ஆனால் 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையை அடைத்து, விளக்கு போட்டு, இரவில் கார் பந்தயமே நடத்திக் காட்டியது இதே மாநிலம். அதோடு ஒப்பிட்டால் நாம் கேட்பது ரொம்பச் சின்னது. மாவட்டத்துக்கு ஒரு சிமெண்ட் களம், ஒரு கூடைப்பந்து மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுற்றிலும் டயர் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஆம்புலன்ஸோடு. வீலிங் மெதுவாகக் கற்றுக்கொள்ள அவ்வளவு இடமே போதும் என்று உங்களைவிட நன்றாக யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு நீங்கள் எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். மெக்கானிக்குகள் சார்பாக நான் கையெழுத்துப் போடுகிறேன், எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களிடமும் வாங்கித் தருகிறேன்.

மனு பலிக்க நாளாகும். வீடியோவுக்கு யார் அனுமதியும் வேண்டாம். முதல் வீடியோவில் முன்சக்கரம் தரையை விட்டுப் போகவே வேண்டாம். நின்ற வண்டியில் கால் எங்கே இருக்க வேண்டும், பெடலை எப்படிச் சரிசெய்வது என்பது மட்டும். அடுத்ததில், முதல் கியரில் மெதுவாகப் போய், முன்பக்கம் ஒரு சாண் எழும்பியதும் பின் பிரேக்கால் இறக்குவது. தூக்குவதற்கு முன்னால் இறக்கப் பழகுவது. உங்களிடம் நேரில் கற்றுக்கொண்ட பையன்களுக்கு நீங்கள் இப்படித்தானே சொல்லிக் கொடுக்கிறீர்கள்? ஊர் முழுக்கப் பார்க்கிற இடத்தில் அதை ஏன் மறைக்க வேண்டும்? பின்னால் இருக்கும் சட்டத்தை ஒருமுறை நன்றாகக் காட்டுங்கள். டயரில் எவ்வளவு காற்று என்று சொல்லுங்கள், அதே காற்றோடு ரோட்டில் போனால் டயர் சூடாகி வண்டி நெளியும் என்றும் சொல்லுங்கள். விழுந்த ஷாட்டை வெட்டி எறியாமல் போடுங்கள். ஷோவில் மைக் பிடிப்பவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, கூட்டத்தில் ஒரு பையனைக் கூப்பிட்டு, ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு பின் பிரேக்கைக் காலால் தேடச் சொல்லுங்கள். பாதிப் பேருக்குக் கிடைக்காது. அதை அவர்களே பார்க்கட்டும்.

இதற்காக உங்கள் வீடியோவின் விறுவிறுப்பு குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஃபிரேமின் ஒரு மூலையில் சின்னக் கட்டத்தில் வலது கால் மட்டும் ஓடட்டும். வண்டி காற்றில் ஆடாமல் நிற்கும்போது அந்தக் கால் ஓயாமல் துடிப்பதைப் பார்ப்பதே தனி அழகு. எனக்கு உங்கள் வித்தையில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஃபுட்ரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் கேமரா நிற்க ஒரு கிளாம்ப் வேண்டியிருக்கும். சாதாரண மொபைல் ஹோல்டர் அங்கே அதிர்வில் கழன்றுவிடும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் போல்ட்டோடு சேர்த்துப் பிடிக்கிற மாதிரி, அடியில் ரப்பர் வைத்து நான் செய்து தருகிறேன். காசு வேண்டாம். எந்த மாடல் வண்டி, லெக் கார்டு இருக்கிறதா, பின் பிரேக் டிரம்மா டிஸ்க்கா என்ற விவரத்தை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு டூவீலர் மெக்கானிக்
மதுரை